நிலைத்த குறியும் நகரும் குறியும்

இடுப்பில் தொங்கும் ரிவால்வரின் வாழ்வு விசித்திரமானது. காவல் அதிகாரி அதை நாள்தோறும் உறையிலிட்டு அணிகிறார். வண்டியில் ஏறி இறங்குகையில் அது கதவில் இடிபடுகிறது, மழையில் நனைகிறது, வியர்வையில் ஊறுகிறது. சுடவேண்டிய தருணமோ ஆண்டுக்கணக்கில் வராமலே போகலாம். வந்தாலும் இமைப்பொழுதில் வந்து மறையும். அந்த இமைப்பொழுதில் துப்பாக்கியின் குறி பிசகாமல் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதிகாரியின் உயிரும், அருகில் நிற்கும் வழிப்போக்கரின் உயிரும் அமைகின்றன. ஆகவே, திருகாணியால் நகர்த்தக்கூடிய குறி நம்பத்தக்கதா, சட்டத்தோடு ஒன்றாய் நிலைத்த குறி நம்பத்தக்கதா என்ற கேள்வி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுந்து வந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

குறி என்பது இரண்டு உறுப்புகள் சேர்ந்தது. குழலின் நுனியில் நிற்கும் சிறு தகடு முன்குறி. பின்புறத்தில் கண்ணுக்கு அருகே உள்ள பள்ளம் பின்குறி. பள்ளத்தின் நடுவே தகட்டின் தலை தெரியும்படி பிடித்துச் சுடவேண்டும். நான்கு அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரில் இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் தூரமே உண்டு. எனவே பின்குறி 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், 15 மீட்டருக்கு அப்பால் குண்டு 10 சென்டிமீட்டர் விலகித் தைக்கும். இங்கே நெல்மணியின் பருமனுக்கும் குறைந்த பிசகு, அங்கே ஒரு கையகலமாகிவிடுகிறது.

அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டில் தம் நாட்டில் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டின் கோல்ட் 'நேவி' ரிவால்வரில் பின்குறி அமைந்திருந்த இடம் வியப்பூட்டுவது. சுத்தியலின் மூக்கில் வெட்டிய ஒரு சிறு பள்ளமே பின்குறி! சுத்தியலைப் பின்னே இழுத்தால்தான் அது கண்ணுக்குப் படும். சுத்தியலோ அசையும் உறுப்பு. அதன் அச்சு தேய்ந்து ஆடினால் குறியும் உடன் ஆடும். 1873ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரில் இக்குறை நீங்கிற்று. சுழலறைக்கு மேலே, சட்டத்தின் முதுகில், வாய்க்கால் போன்ற பள்ளம் வெட்டப்பட்டது. அதில் கழல்வதற்கும் ஒன்றுமில்லை, உடைவதற்கும் ஒன்றுமில்லை. 1899இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் வெளியிட்ட 'மிலிட்டரி அண்ட் போலீஸ்' ரிவால்வரும் இம்முறையையே கைக்கொண்டு, பல தலைமுறைக் காவலரின் துணையாயிற்று.

அங்ஙனமாயின் நகரும் குறி ஏன் தோன்றிற்று? நிலைத்த குறி ஒருவகைத் தோட்டாவுக்கென்றே தொழிற்சாலையில் அமைக்கப்படுகிறது. தோட்டா மாறினால் குண்டு தைக்கும் இடமும் மாறும். பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, குறைந்த தூரத்தில் கனத்த, மெதுவான குண்டு மேலே தைக்கும். இலேசான, விரைந்த குண்டு தாழத் தைக்கும். மெதுவான குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்குள் உதைப்பினால் குழல் சற்று நிமிர்ந்துவிடுவதே காரணம். தாழத் தைத்தால் முன்குறியை அரத்தால் அராவிக் குறைப்பார்கள். ஆனால் அராவியதை மீண்டும் வளர்க்க இயலாது.

இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் 1890 முதல் நடந்த குறிசுடும் போட்டிகள் புகழ் பெற்றவை. இத்தகைய பந்தயங்களில் சுடுவோருக்குக் குறியைத் திருத்திக்கொள்ளும் வசதி இன்றியமையாததாயிற்று. பந்தயத் துப்பாக்கி பெட்டியில் வருவது, பெட்டியிலேயே திரும்புவது. அதன் மெல்லிய உறுப்புகளுக்கு அங்கே அபாயமில்லை.

அந்த வசதி பெட்டியிலிருந்து இடுப்புக்கு வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. 1935இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட .357 மாக்னம் ரிவால்வரில் நகரும் பின்குறி இருந்தது. முதல் துப்பாக்கி அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறைத் தலைவர் எட்கார் ஹூவருக்கு வழங்கப்பட்டது. எல்லைக் காவல் படையைச் சேர்ந்த பில் ஜார்டனின் யோசனைப்படி, நாள்தோறும் சுமப்பதற்கு ஏற்ற இலகுவான 'காம்பாட் மாக்னம்' 1955இல் பிறந்தது. அதுவும் நகரும் குறியையே தாங்கிற்று. மாக்னம் தோட்டாவும் சாதாரண .38 தோட்டாவும் ஒரே துப்பாக்கியில் செல்லும். ஆகவே திருத்தும் வசதிக்கு நியாயமும் இருந்தது.

ஆனால் அக்குறியின் உடலைப் பாருங்கள். மெல்லிய எஃகுத் தகடு. அதைச் சட்டத்தோடு பிணைக்கும் சிறு திருகாணி. உயரத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என மேலும் இரண்டு. கடுந்தரையில் விழுந்தால் தகடு வளையலாம், உடையலாம். உதைப்பின் அதிர்ச்சியால் திருகாணி தளரலாம். தூசியும் துணிநூலும் அடியில் சேர்ந்து துருவை வளர்க்கும். கூரிய மூலைகள் அவசரத்தில் சட்டைத் துணியில் சிக்கும். வீரன் கையில் இருக்கும்போது அல்ல, உறையில் உறங்கும்போதே அது பிசகிவிடுகிறது. பிசகியது வெளிப்படுவதோ ஆபத்தின் நடுவே.

எனவே காலச் சக்கரம் சற்றே திரும்பிற்று. 1970களில் நியூயார்க் மாநிலக் காவல் படைக்காக, வலிய .357 தோட்டாவுக்கென்றே, நிலைத்த குறியுடன் ரிவால்வர் செய்யப்பட்டது. மத்தியப் புலனாய்வுத் துறையும் பின்னர் அவ்வகையை ஏற்றது. காவல் அதிகாரியின் மோதல் பெரும்பாலும் சில அடித் தூரத்தில் நிகழ்வது. தோட்டாவும் துறை வழங்கும் ஒரே வகை. அந்நிலையில் திருகாணியின் நுட்பத்தைவிடப் பள்ளத்தின் உறுதியே பெரிதாகத் தோன்றிற்று.

நம் நாட்டில் வழங்கிய ரிவால்வர்களும் இவ்வழியினவே. வெப்ளி ரிவால்வரில் குழலைப் பூட்டும் தாழிலேயே பின்குறிப் பள்ளம் வெட்டப்பட்டிருந்தது. கான்பூரில் வாழும் நேயர்களுக்கு அந்நகரின் படைக்கலத் தொழிற்சாலைகள் புதியவையல்ல, அங்கே உருவான.32 ரிவால்வரும் வெப்ளியின் வழிவந்ததே.

ஆயினும் நகரும் குறியை முற்றிலும் பழிப்பது நியாயமன்று. பல வகைத் தோட்டாக்களைச் சுடுவோருக்கும், நெடுந்தூரக் குறி தேவைப்படுவோருக்கும் அது பெருந்துணை. சட்டத்துக்குள் ஆழ்ந்து அமர்ந்து, பருத்த தகடும் இறுகிய திருகாணியும் கொண்ட குறி பல்லாண்டு பிசகாமல் உழைக்கும். ஆனால் திருத்த இடங்கொடுக்கும் உறுப்பு திரியவும் இடங்கொடுக்கும். அதைத் தேர்ந்தவர் அதைக் காவல் செய்யும் கடமையையும் ஏற்கிறார். திருகாணி இறுகியிருக்கிறதா, தகடு நேராக நிற்கிறதா என்று அடிக்கடி பார்ப்பதும், மைதானத்தில் உரிய காலந்தோறும் சுட்டுச் சோதிப்பதும் அக்கடமையின் பகுதிகள். நிலைத்த குறியை அணிபவருக்கும் இச்சோதனை வேண்டும். ஏனெனில், தன் துப்பாக்கியின் குண்டு எங்கே தைக்கும் என்பதை அறியாதவருக்கு எந்தக் குறியும் துணைவராது.