ஓசூரில் படம் ஏற்றியவர்கள்

ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். சென்னையோ 300 கிலோமீட்டருக்கும் மேல். 1981 நவம்பரில் பெங்களூரு தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஓசூர் வீட்டு ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சென்னை நிலையம் 1975 முதல் இயங்கினாலும், கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை அவ்வளவு தூரம் எட்டாது. சென்னையில் வெள்ளிக்கிழமைதோறும் ‘ஒளியும் ஒலியும்’ திரைப்பாட்டு நிகழ்ச்சி பார்த்தார்கள். கர்நாடக எல்லையிலுள்ள ஓசூரில் கிடைத்தது கன்னட நிகழ்ச்சி.

அதே காலத்தில்தான் ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் 50 மொபெட்டும் வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கடிகாரமும் வந்தது. தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள ஊரில், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்த ஷிப்ட் தொழிலாளிகள் அறை எடுத்துத் தங்கினார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் படம் வேண்டும், அதுவும் ஷிப்ட் இல்லாத நேரத்தில். இந்த இடைவெளியில்தான் நகல் எடுக்கும் தொழிலுக்குப் பிழைப்பு இருந்தது.

முதலில் வந்தது ‘டெக்’. கலர் டிவியையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் போடுவது 1980களில் தமிழகம் முழுக்க இருந்த வழக்கம். அதன் பக்கத்திலேயே கேசட் பதிவுக் கடைகள். பிடித்த பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும், மறுநாள் கேசட் தயார். கடைக்காரரின் திறமை கணக்கில் இருந்தது. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்தால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார். அடுத்து வந்த விசிடியில் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 80 நிமிடம். நீளமான தமிழ்ப் படத்துக்கு இரண்டு தட்டும் போதாமல் மூன்றாவதைத் தேட வேண்டும்.

2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் அதில் சேர்த்தது. கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் இருந்த சட்டம் திருட்டு சிடிக்காரர்களுக்கும் வந்தது. சட்டம் தட்டைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே தட்டுக்கே வயதாகிவிட்டது. குஜராத்தில் பிறந்த அஜய் பட் உள்ளிட்ட இன்டெல்காரர்களின் உழைப்பில் உருவான யுஎஸ்பி 1996இலேயே வந்திருந்தது. 2000இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும், ஐபிஎம் வழியாக இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸும் பென்டிரைவைக் கடைக்குக் கொண்டுவந்தன. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. அதில் இரண்டு பாட்டு ஏறினாலே பெரிது.

தமிழகத்தில் பென்டிரைவை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் அரசுக்கும் பங்குண்டு. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒரு 14 அங்குல டிவி. 2011இல் அதே செப்டம்பர் 15இல், வேறு ஆட்சியில், மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி. இரண்டையும் கொள்முதல் செய்தது அரசு நிறுவனமான எல்காட். டிவியில் யுஎஸ்பி துளை கிடையாது, மடிக்கணினியில் உண்டு. நடுவில் நின்றது, முன்பக்கம் யுஎஸ்பி துளை வைத்த மலிவான டிவிடி பிளேயர். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை ஒயரை டிவியில் செருகினால் பென்டிரைவில் இருக்கும் படம் ஓடும். ஆனால் எல்லாப் படமும் ஓடாது. அந்த பிளேயர்களுக்கு ஏவிஐ வகைக் கோப்பு புரியும், எம்கேவி புரியாது. ‘படம் ஏத்தித் தரப்படும்’ என்று எழுதிவைத்த செல்போன் கடைக்காரர், ஏற்றுவதற்கு முன்னால் “எதுல போட்டுப் பாப்பீங்க?” என்று கேட்டது அதனால்தான். அந்த ஒரு கேள்வி தெரியாதவர் அந்தத் தொழிலில் தேறியிருக்க முடியாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவை மலிவாக்கியதும் அந்தக் கடைகளுக்கு வேலை குறைந்தது. ஸ்மார்ட் டிவியும் ஆண்ட்ராய்டு பெட்டியும் வந்தபோது, கதை தலைகீழானது. முன்பு வெளியிலிருந்து டிவிக்குப் படம் போனது. இப்போது டிவிக்குள் இருப்பதை பென்டிரைவுக்கு எடுக்கவும் ஆசை வந்தது. இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில் உள்நினைவகம் 8 ஜிபிதான், அதில் பாதியை ஆண்ட்ராய்டே விழுங்கிவிடும்.

கேசட்டின் முப்பது நிமிடம் பொருளின் எல்லை. ஸ்மார்ட் டிவியின் எல்லை வேறு, அது வேண்டுமென்றே போட்ட பூட்டு. டிடிஎச் பெட்டியிலிருந்து பென்டிரைவில் பதிவாகும் நிகழ்ச்சி பெரும்பாலும் அதே பெட்டியில் மட்டுமே ஓடும். கணினியில் செருகினால் கோப்பு தெரியும், படம் வராது. ஓடிடி செயலியில் இறக்கிவைத்த படமும் அப்படியே. பழைய வகை எல்லையும் முழுதாகப் போய்விடவில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ், 64 ஜிபியே ஆனாலும், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை ஏற்காது. இடம் இருந்தாலும் நகல் எடுப்பது பிழையோடு நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும், ஆனால் சில பழைய டிவிகள் அதைப் படிக்காது.

பூட்டு இல்லாமல் நகலாவது வீட்டுக்காரரின் சொந்தக் கோப்புகள்தான்: கல்யாண வீடியோ, காதுகுத்துப் படங்கள், ஊர்த் திருவிழாவில் செல்போனில் எடுத்தவை. ஃபைல் மேனேஜர் செயலிக்குச் சேமிப்பக அனுமதி கொடுத்து, கோப்பின்மேல் ரிமோட்டின் ஓகே பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் காப்பி செய்யும் வசதி தெரியும். பென்டிரைவுக்குப் பதில் பெரிய ஹார்ட் டிஸ்க்கைச் செருகுபவர்கள் கவனிக்க வேண்டியது மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லிஆம்பியர். அது போதாவிட்டால் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும், டிவியில் பெயர்கூட வராது.