அறுவைக்குப் பின் எப்போது? புராஸ்டேட் புற்றுநோயும் கதிர்வீச்சும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் தோன்றினால், சுரப்பியை முழுவதுமாக அகற்றுவது ஒரு வழி. கதிர்வீச்சால் புற்றுச் செல்களை அழிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வழக்கத்தின் வரலாறு, கருவிகளின் வளர்ச்சியைக் காட்டிலும் காலத்தைப் பற்றிய நீண்ட வழக்காகவே அமைந்தது. அறுவை முடிந்த கையோடு கதிர்வீச்சைக் கொடுத்துவிடுவதா, நோய் திரும்பியதற்கான அறிகுறி தென்படும் வரை பொறுத்திருப்பதா என்னும் அந்த வழக்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் நடந்தது. பொறுத்திருப்பது என்றால் எவ்வளவு காலம் என்பதே இடையில் மாறிப்போனதால் தீர்ப்பும் தள்ளிப்போயிற்று.

இரு வழிகளிலும் முதன்மையாகப் பேசப்படும் பெயர் ஒருவருடையதே. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹியூ ஹாம்ப்டன் யங், 1904இல் விதைப்பைக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதியைக் கீறி, சுரப்பியை அதன் உறையோடும் விந்துப் பைகளோடும் சேர்த்து அகற்றினார். ஆனால் அந்நாளில் நோயாளிகளில் பெரும்பாலோர் சிறுநீர் அடைத்துக்கொண்ட பிறகோ எலும்பில் வலி கண்ட பிறகோதான் மருத்துவரிடம் வந்தனர். அவர்களுக்குக் கத்தியால் பயனில்லை. அத்தகையோருக்கு யங், சிறுநீர்க் குழாய் வழியாகவும் மலக்குடல் வழியாகவும் ரேடியத்தைச் செலுத்தி வைக்கும் கருவிகளை வடிவமைத்து, 1917இல் அந்த அனுபவத்தை வெளியிட்டார். பாரிசில் பாஸ்டோ என்பவர் அவருக்கு முன்பே ரேடியத்தைக் கையாண்டிருந்தார். நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பாரிங்கர் ரேடிய ஊசிகளைச் சுரப்பிக்குள்ளேயே குத்தினார். ஆக, கத்திக்குரிய நோயாளி வேறு, கதிருக்குரிய நோயாளி வேறு என்ற பிரிவினை தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது. இரண்டும் ஒரே உடலுக்குத் தேவைப்படலாம் என்ற எண்ணம் வலுப்பெறப் பல பத்தாண்டுகள் ஆயின.

அதற்கு இயற்பியல் காரணமும் உண்டு. பழைய எக்ஸ்ரே கருவிகளின் கதிர்களுக்கு ஊடுருவும் ஆற்றல் குறைவு. இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் கிடக்கும் சுரப்பியைப் போதிய அளவில் எட்டுவதற்குள் தோல் வெந்துவிடும். 1951இல் கனடாவில் கோபால்ட்-60 கருவிகள் புழக்கத்துக்கு வந்த பிறகே இந்தத் தடை நீங்கியது. (அக்கருவிகளில் ஒன்று 1957இல் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் வந்தது, மக்கள் பேச்சில் ‘கரண்ட் வைப்பது’ எனப்படும் சிகிச்சை தமிழ்நாட்டில் பரவியதில் அந்நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு.) ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கப்ளான் 1956இல் நிறுவிய லீனியர் ஆக்ஸிலரேட்டர், அதாவது மின்னணுக்களை நேர்கோட்டில் முடுக்கி உயர் ஆற்றல் எக்ஸ்ரே உண்டாக்கும் எந்திரம், அடுத்த பாய்ச்சலாக அமைந்தது. அங்கு மால்கம் பாக்ஷா அதனை புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி 1965இல் விளைவுகளை வெளியிட்டார். அறுவைக்குப் பிறகு எஞ்சிய அல்லது திரும்பிய நோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த அனுபவத்தை அதே குழு 1975இல் அறிவித்தது. அக்காலத்தில் நோய் திரும்பியதை அறிய, மலவாய் வழியே விரலால் தடவிப் பார்க்கும்போது தட்டுப்படும் கட்டியைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. விரலுக்கு எட்டும் கட்டியில் கோடிக்கணக்கான செல்கள் குடியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அன்றைய தோல்விகளுக்குக் கதிரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

அறுவையோ அந்நாளில் செல்வாக்கிழந்து கிடந்தது. மிகுந்த குருதிப்போக்கும், அதன்பின் நேரும் சிறுநீர்க் கசிவும், ஏறக்குறைய உறுதியான ஆண்மையிழப்பும் அதற்குக் காரணங்கள். 1982இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்சில் பேட்ரிக் வால்ஷ், விறைப்புக்குரிய நரம்புகள் செல்லும் பாதையைக் கண்டறிந்து, அவற்றைக் காக்கும் அறுவை முறையை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. அறுவை பெருகியபோது, அகற்றிய சுரப்பியை நோய்க்குறியியல் ஆய்வகத்தில் ஆராயும் வழக்கமும் முக்கியத்துவம் பெற்றது. சுரப்பியின் வெளிப்பரப்பு முழுவதும் மை பூசப்பட்டு, பிறகு அது மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு நுண்ணோக்கியில் பார்க்கப்படும். புற்றுச் செல்கள் மையைத் தொட்டுக்கொண்டிருந்தால், கத்தி சென்ற விளிம்பிலேயே நோய் இருந்தது என்றும், உடலில் சிறிது தங்கியிருக்கலாம் என்றும் பொருள். இத்தகையோருக்கு, சுரப்பி இருந்த குழிக்கு உடனே கதிர்வீச்சு கொடுக்கலாம் என்ற கருத்து இங்கிருந்துதான் வலுப்பெற்றது. இது துணைக் கதிர்வீச்சு எனப்படும்; நோய் திரும்பிய பின் கொடுப்பது மீட்புக் கதிர்வீச்சு.

இந்தக் கட்டத்தில்தான் வழக்கின் போக்கையே மாற்றிய ஓர் இரத்தப் பரிசோதனை நுழைந்தது. விந்தை நீர்க்கச் செய்யும் ஒரு நொதி, பி.எஸ்.ஏ. என்னும் பெயரில் 1979இல் புராஸ்டேட் திசுவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1986இல் நோயாளிகளைக் கண்காணிக்க அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. சுரப்பி உடலில் இருக்கும் வரை பி.எஸ்.ஏ. அவ்வளவு நம்பத்தக்க சாட்சியன்று: வயதாலும், வீக்கத்தாலும், கிருமித் தொற்றாலும் அது ஏறும். சுரப்பி அகற்றப்பட்ட பிறகோ நிலைமை தலைகீழ். அதைச் சுரக்கும் உறுப்பே இல்லாததால், ஆறு வாரங்களுக்குள் அது அளக்க முடியாத நிலைக்கு இறங்கிவிட வேண்டும்; மறுபடி ஏறினால், புராஸ்டேட் செல்கள் எங்கோ வளர்கின்றன என்பதே பொருள். ஜான்ஸ் ஹாப்கின்சில் அறுவை செய்துகொண்ட 1,997 பேரைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியான ஆய்வு, இந்த ஏற்றம் எவ்வளவு முன்கூட்டிய எச்சரிக்கை என்பதைக் காட்டிற்று: 315 பேருக்கு பி.எஸ்.ஏ. ஏறியது, ஏறத் தொடங்கியதிலிருந்து உடலின் பிற பகுதிகளில் நோய் வெளிப்படுவதற்கு, வேறு சிகிச்சை ஏதுமின்றியே, இடைநிலை அளவாக எட்டு ஆண்டுகள் ஆயின. விரலை நம்பிய தலைமுறைக்குக் கிட்டாத அவகாசம் இது.

ஆனால் துணைக் கதிர்வீச்சைச் சோதித்த பெரிய ஆய்வுகள் இந்த அவகாசத்தைக் கணக்கில் கொள்ளாத காலத்திலேயே திட்டமிடப்பட்டுவிட்டன. அமெரிக்காவின் தென்மேற்குப் புற்றுநோய் ஆய்வுக் குழு 1988 முதல் 1997 வரை 425 பேரையும், ஐரோப்பிய அமைப்பு ஒன்று 1992 முதல் 1,005 பேரையும் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 60 கிரே அளவில் உடனடிக் கதிர்வீச்சு கொடுத்தன (கிரே என்பது திசு ஏற்கும் கதிராற்றலின் அலகு). ஜெர்மனியிலும் இத்தகைய ஆய்வொன்று நடந்தது. மூன்றிலும் பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறுவது வெகுவாகக் குறைந்தது. அமெரிக்க ஆய்வு 2009இல் ஆயுளும் கூடியதாக அறிவித்தது: இடைநிலை ஆயுள் 13.3 ஆண்டுகளுக்கு எதிராக 15.2 ஆண்டுகள். ஐரோப்பிய ஆய்வோ பத்தாண்டு முடிவில் ஆயுளில் வேறுபாடு காணவில்லை. விலையும் இருந்தது, அமெரிக்க ஆய்வில் சிறுநீர்க் குழாய்ச் சுருக்கம் 9.5 விழுக்காட்டிலிருந்து 17.8 விழுக்காடாக உயர்ந்தது.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது, கதிர்வீச்சு பெறாத பிரிவுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் அப்பிரிவினரில் மூன்றில் ஒரு பங்கினரே பின்னர் கதிர்வீச்சு பெற்றனர்; அதுவும் பலருக்குக் காலம் கடந்து வந்தது. எனவே அந்த ஆய்வு ஒப்பிட்டது உடனடிச் சிகிச்சையையும் பெரும்பாலும் சிகிச்சையின்மையையுமே. 2013இல் அமெரிக்கச் சிறுநீரகவியலாளரும் கதிர்வீச்சு மருத்துவரும் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து மிகுந்தோருக்குத் துணைக் கதிர்வீச்சை முன்வைக்க வேண்டும் என்று கூறியபோதும், அறுவை மருத்துவர்கள் அதைப் பெரிதாகப் பின்பற்றவில்லை. அவர்களது தயக்கத்தைத் தொழில் போட்டி என்று ஒதுக்கிவிட முடியாது. சுரப்பியை எடுத்தபின் சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கீழிறக்கிக் குழாயோடு தைத்தவர்கள் அவர்கள். அந்தத் தையல் ஆறி, சிறுநீரை அடக்கும் திறன் மெல்லத் திரும்பிவரும் மாதங்களில் அதே இடத்தின்மேல் கதிரைப் பாய்ச்சுவது அவர்களுக்கு உறுத்தியதில் வியப்பில்லை. மேலும், பொறுத்திருந்தால் நோய் திரும்பவே திரும்பாதவர்களும் அந்தக் கூட்டத்தில் கணிசமாக இருந்தனர்.

சரியான கேள்வியைக் கேட்ட ஆய்வுகள் 2007 முதல் தொடங்கின. பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளின் 1,396 பேரைக் கொண்ட ‘ராடிகல்ஸ்’, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நடத்திய ‘ரேவ்ஸ்’, பிரான்சின் ‘கெடுக்-17’ ஆகிய மூன்றும், உடனடிக் கதிர்வீச்சை முந்திய மீட்புக் கதிர்வீச்சோடு ஒப்பிட்டன. முந்திய மீட்பு என்பது, பி.எஸ்.ஏ. ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 அல்லது 0.2 நானோகிராம் அளவை எட்டியவுடனே தொடங்குவது. ‘ராடிகல்ஸ்’ ஆய்வில் நோயாளி திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் வந்து, 33 தவணைகளில் 66 கிரேயோ 20 தவணைகளில் 52.5 கிரேயோ பெற்றார். பிரெஞ்சு ஆய்வில் நோய் திரும்பியோர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால் அது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. இதையே ஒரு விடையாகக் கொள்ளலாம். முடிவுகள் தெரியவருமுன்பே மூன்றையும் இணைத்து அலசுவதெனத் திட்டமிட்டிருந்த ஆய்வாளர்கள், 2,153 பேரின் தரவுகளை 2020இல் வெளியிட்டனர்: ஐந்தாண்டு முடிவில் நோய் முன்னேறாதிருந்தோர் உடனடிப் பிரிவில் 89 விழுக்காடு, காத்திருந்த பிரிவில் 88 விழுக்காடு. காத்திருந்தவர்களில் அதுவரை கதிர்வீச்சு தேவைப்பட்டோர் 39 விழுக்காட்டினரே; மற்றவர்கள் அதன் பக்கவிளைவுகளிலிருந்து தப்பினர்.

விதிவிலக்குகள் முற்றும் நீங்கிவிடவில்லை. விந்துப் பைகளில் பரவிய, மிகக் கொடிய வகை நோயுடையோர் இந்த ஆய்வுகளில் சிறு எண்ணிக்கையினராகவே இருந்தமையால், அவர்களுக்கு உடனடிக் கதிர்வீச்சு இன்றும் பரிசீலிக்கப்படுகிறது. மீட்புக் கதிர்வீச்சோடு ஈராண்டு ஹார்மோன் எதிர்ப்பு மருந்து சேர்த்த அமெரிக்க ஆய்வில், 12 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தோரின் பங்கு 71.3 விழுக்காட்டிலிருந்து 76.3 விழுக்காடாக உயர்ந்தது, ஆனால் பி.எஸ்.ஏ. சற்றே ஏறிய நிலையிலேயே சிகிச்சைக்கு வருவோருக்கு அம்மருந்து வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. புற்றுச் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கப்படும் பெட் ஸ்கேன் படங்கள், எந்த இடத்தைக் குறிவைப்பது என்பதைக் கூர்மையாக்கியுள்ளன. எனினும் பி.எஸ்.ஏ. 0.2 அளவில் இருக்கும்போது அப்படம் பலருக்கு வெறுமையாகவே வரும். படத்தில் ஒன்றும் தென்படவில்லை என்பதைக் காரணம் காட்டி மீட்புக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது.