ஆவடி டாங்கிகளும் பாலைவன ஓட்டமும்

சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடி ஏரிகள் சூழ்ந்த ஊர். அங்கே உருவாகும் டாங்கிகள் ஓடிக் காட்ட வேண்டிய இடமோ சாலை வழியே 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ராஜஸ்தான் மாநிலத்தின் தார் பாலைவனம். ஈர மண்ணில் பிறந்த வண்டியை மணலில் முறியாமல் ஓடச் செய்வது எப்படி என்ற கேள்வி, 1960-கள் முதல் ஆவடியின் தொழில் வரலாற்றோடு இணைந்தே வந்துள்ளது. டாங்கியின் பீரங்கியையும் கவசத்தையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். இக்கட்டுரை அதன் அடிப்பகுதியை, அதாவது எடையைச் சுமந்து அதிர்ச்சியை வாங்கும் சக்கரங்களையும் சஸ்பென்ஷனையும் பற்றியது.

முன் சக்கரம் ஏன் முதலில் பழுதாகிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண ஜீப்பின் முன் அச்சைப் பார்ப்பது எளிது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பில் முன் அச்சு என்பது இரும்புக் குழாய். அதனுள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள் உள்ளன. குழாயின் இரு முனைகளிலும் சக்கரம் திரும்புவதற்கான மூட்டுகள் உள்ளன. எடையைத் தாங்குவது, இழுப்பது, திரும்புவது ஆகிய மூன்று வேலைகளையும் அது ஒரே நேரத்தில் செய்கிறது. பின் அச்சுக்குத் திரும்பும் வேலை இல்லை.

மணல்மேட்டில் ஏறி இறங்கும் வண்டியின் மூக்கு கீழே குத்தும்போது, வண்டி எடையின் பெரும்பகுதி நொடிப்பொழுதில் முன் அச்சின் மேல் விழுகிறது. நின்றிருக்கும்போது தாங்கும் சுமையைப் போலப் பல மடங்கு சுமை அது. நல்ல சாலைக்கென்று செய்த இலகு ரக அச்சின் குழாய் இதனால் வளையும். முனை மூட்டு பிளக்கும். உள்தண்டு முறுக்கி உடையும்.

இதற்கு மெக்கானிக்குகள் கையாளும் வழிகள் சில உண்டு. ஸ்பிரிங் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பார்கள். அச்சுக் குழாயின் மேல் இரும்புப் பட்டையை விலா எலும்பு போல வைத்து வெல்டிங் செய்வார்கள். முனை மூட்டுக்கு முக்கோணத் தாங்கல் கொடுப்பார்கள். உள்தண்டைக் கலப்பு எஃகுக்கு மாற்றுவார்கள். செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. டயரின் காற்றைக் குறைத்தால் டயர் அகன்று மணலில் புதையாமல் மிதக்கும். அதிர்ச்சியின் ஒரு பகுதியையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

ஆனால் வலுவூட்டலில் ஒரு சிக்கல் உண்டு. குழாயை வலுப்படுத்தினால் அடுத்த அடியில் மூட்டு உடையும். மூட்டை வலுப்படுத்தினால் சட்டத்தில் பொருத்திய இடம் விரிசல் விடும். சேர்த்த இரும்பின் எடையே புதிய சுமையாகவும் ஆகும். ஓர் இடத்தை மட்டும் பலப்படுத்தினால் பலவீனம் அடுத்த இடத்துக்கு நகரும். ஆவடியின் டாங்கிகளுக்கும் இது பொருந்தும்.

1971: மணல் கற்பித்த பாடம்

1971 டிசம்பர் 4 இரவு, ஜெய்சல்மேர் பகுதியில் உள்ள லோங்கேவாலா காவல் நிலையைப் பாகிஸ்தானின் டாங்கிப் படை தாக்கியது. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையிலான பஞ்சாப் படைப்பிரிவின் ஒரு கம்பெனி அதை எதிர்கொண்டது. அவர்களிடம் டாங்கிகள் இல்லை. ஜீப்பில் ஏற்றிய 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கிதான் முக்கிய ஆயுதம். அப்பீரங்கியின் எடை ஏறத்தாழ 210 கிலோ. ஜீப்பின் எடையே ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான். இலகு அச்சுகள் மணலில் எவ்வளவு சுமக்க வேண்டியிருந்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எதிர்த் தரப்பின் டாங்கிகள் பல மென்மணலில் சிக்கின. விடிந்ததும் இந்திய விமானப் படையின் ஹண்டர் விமானங்கள் அவற்றைத் தாக்கி அழித்தன. நகர முடியாத டாங்கி எவ்வளவு தடித்த கவசம் அணிந்திருந்தாலும் வெறும் இலக்குதான் என்பதை அந்தப் போர் காட்டியது.

விஜயந்தா

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடி படைத்தளமாக இருந்தது. 1961 இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, இங்கே கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. உள்ளூர் மக்கள் அதை எச்.வி.எஃப். என்றே சொல்வர். முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் அங்கிருந்து வெளிவந்தது. 1980-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 2,200 விஜயந்தா டாங்கிகள் செய்யப்பட்டன. இதே காலத்தில்தான் சுற்றுப்புறமும் தொழிற்பகுதியாக மாறியது. பாடியில் வாகன உதிரிபாக ஆலைகள் எழுந்தன. 1964 இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது.

விஜயந்தா சுமார் 39 டன் எடை கொண்டது. டாங்கிக்கு ஜீப்பைப் போல இருபுறமும் இணைக்கும் அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனிக் கை ஒன்றில் மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கை, வண்டியின் தரையில் குறுக்காகக் கிடக்கும் முறுக்குத் தண்டோடு இணைந்திருக்கும். சக்கரம் மேலே எழும்பும்போது தண்டு முறுக்கிக்கொள்ளும். பின் தானே அவிழ்ந்து சக்கரத்தைத் தரைக்குத் தள்ளும்.

விஜயந்தாவில் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள். அவற்றுள் முதல், இரண்டாவது, ஆறாவது சக்கரங்களுக்கு மட்டும் துணை முறுக்குத் தண்டும் ஷாக் அப்சார்பரும் கொடுக்கப்பட்டன. ஏற்றப்பலகையில் இரு குழந்தைகள் ஆடும்போது நடுப்பகுதி அசைவதில்லை, முனைகளே அதிகம் ஏறி இறங்குகின்றன. டாங்கியும் மேடுபள்ளத்தில் அப்படித்தான் ஆடும். எனவே முனைகளில் இருக்கும் சக்கரங்களுக்கே கூடுதல் வலு தேவைப்பட்டது.

பின்னர் இதே அடிச்சட்டத்தில் 130 மி.மீ. பீரங்கியை ஏற்றி ‘கேட்டபல்ட்’ என்ற தானியங்கிப் பீரங்கி வண்டி உருவாக்கப்பட்டது. அதற்காக அடிச்சட்டத்தை நீட்டி, பக்கத்துக்கு ஏழாவது சக்கரம் ஒன்றைச் சேர்த்தனர். இருக்கும் சக்கரங்களை மட்டும் தடிப்பாக்காமல் சுமையைக் கூடுதல் சக்கரங்களுக்குப் பகிர்ந்தளித்த முறை இது.

அஜேயாவும் பீஷ்மாவும்

1980-களின் பிற்பகுதியில் சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கி ‘அஜேயா’ என்ற பெயரில் ஆவடியில் தயாரிக்கப்பட்டது. எடை 41.5 டன். இதிலும் முறுக்குத் தண்டுகள்தான். ஷாக் அப்சார்பர்களும் அதே முதல், இரண்டாவது, ஆறாவது சக்கரங்களில்தான். இரு நாடுகளின் பொறியாளர்கள் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. 2009 முதல் ஆவடியில் தயாராகிவரும் டி-90 ‘பீஷ்மா’ டாங்கியும் முறுக்குத் தண்டு வகையைச் சேர்ந்ததே.

அர்ஜுன்

உள்நாட்டு டாங்கித் திட்டத்துக்கு 1974 இல் அரசு ஒப்புதல் அளித்தது. 1976 இல் ஆவடியில் அமைந்த போர் ஊர்திகள் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. 120 மி.மீ. பீரங்கி, தடித்த கவசம், 1,400 குதிரைத்திறன் ஜெர்மானிய எஞ்சின் என்று சேர்ந்து அர்ஜுனின் எடை 58.5 டன் ஆனது.

இந்த எடைக்கு ஹைட்ரோநியூமாட்டிக் சஸ்பென்ஷன் தேர்ந்தெடுக்கப்பட்டது. முறுக்குத் தண்டுக்குப் பதிலாக எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைத்த உருளை ஒவ்வொரு சக்கரத்துக்கும் உண்டு. சக்கரம் எழும்பும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும். சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்து அழுத்தினால் முதலில் எளிதாகவும் பிறகு கடினமாகவும் இருக்கும் அல்லவா, அதுபோல இந்த வாயுவும் சிறிய மேட்டில் மென்மையாகவும் பெரிய அடியில் கடினமாகவும் நடந்துகொள்ளும். பக்கத்துக்கு ஏழு சக்கரங்களும் அகன்ற சங்கிலிப் பட்டையும் சேர்ந்து எடையைப் பரப்புவதால், தரையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சுமை ஒரு கிலோவுக்கும் குறைவு.

இதிலும் சிக்கல் உண்டு. முறுக்குத் தண்டுக்குக் கசிவு என்பதே கிடையாது. வாயு உருளைக்கு உண்டு. பாலைவன வெப்பத்தில் வாயுவின் அழுத்தம் மாறும். மணல்தூள் ரப்பர் அடைப்புகளைத் தேய்க்கும். உடையும் இடம் எஃகுத் தண்டிலிருந்து ரப்பர் வளையத்துக்கு நகர்ந்தது எனலாம்.

முதல் 124 டாங்கிகளுக்கு 2000 இல் ஆணை வழங்கப்பட்டு, 2004 இல் முதல் தொகுதி படைக்குச் சேர்ந்தது. 2010 மார்ச்சில் ராஜஸ்தானில் அர்ஜுனும் டி-90 டாங்கியும் ஒப்பீட்டுச் சோதனையில் ஓடின. அதைத் தொடர்ந்து அதே ஆண்டு மேலும் 124 டாங்கிகளுக்கு அரசு ஒப்புதல் தந்தது.

எடை மீண்டும் கூடியது

படையின் கோரிக்கைகளை ஏற்று மேம்படுத்தியபோது அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கியின் எடை ஏறத்தாழ 68 டன் ஆனது. ஏறிய எடைக்காக அடிப்பகுதியை மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது. மேம்பட்ட ஓட்ட அமைப்பு அதற்காகவே உருவானது. 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் பிரதமர் இந்த டாங்கியைத் தரைப்படையிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆணை வழங்கப்பட்டது. இவ்வளவு எடையைப் பாலங்களும் ரயில் பெட்டிகளும் தாங்குமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

மீண்டும் இலகு டாங்கி

லடாக் போன்ற மலைப்பகுதிகளுக்காக ஆவடி ஆராய்ச்சி நிறுவனமும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனமும் இணைந்து ‘சோராவர்’ என்ற 25 டன் இலகு டாங்கியை உருவாக்கியுள்ளன. பனிமலைக்கென்று செய்யப்பட்ட இந்த டாங்கியின் முதல் கட்டக் களச் சோதனை 2024 செப்டம்பரில் பாலைவனத்தில்தான் நடந்தது. உயர்ந்த மலைப்பகுதிக்கு அது சென்றது அதன் பிறகே.