சிற்றூர்களில் ஒளிரும் செல்வங்கள்



யூபிலி ஆண்டு மகிழ்ச்சியின் ஆண்டு மட்டுமன்று. நம் முன்னோரை நன்றியோடு நினைவுகூரும் ஆண்டுமாகும். ஆலயக் கலை என்றதும் உரோமை நகரத்துப் புனித இராயப்பர் பேராலயமே நம் கண்முன் நிற்கிறது. ஆயினும் பலர் அறியாத சிற்றூர்களிலும் இறைவன் அரும்பெருஞ் செல்வங்களை வைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று நமக்கு அண்மையிலேயே உள்ளது.

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஏலாக்குறிச்சியே அது. இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் வீரமாமுனிவர். புனித ஞானப்பிரகாசியார் பிறந்ததும் அவ்வூரிலேதான். சேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்த முனிவர், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டார். அன்னையின் புகழ் பாடத் திருக்காவலூர்க் கலம்பகம் இயற்றினார். அரியலூர் மழவராயரின் நோயை முனிவர் தீர்த்ததாகவும், அதற்கு நன்றியாக மன்னர் ஆலயத்திற்கு நிலம் வழங்கியதாகவும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். வேற்றுச் சமயத்து மன்னரின் அன்பையும் தாங்கி நிற்கும் தலம் இது.

இனிக் கடல் கடந்து, தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் செல்வோம். அங்கே சிலோயே என்னும் தீவுக்கூட்டத்திலும் சேசு சபையாரே வேதம் போதித்தனர். தீவுகள் பல, குருக்களோ சிலர். ஆண்டுக்கொரு முறை அவர்கள் படகேறித் தீவு தீவாகச் சென்று திரும்புவர். மற்ற நாட்களில் நம் உபதேசியார்களைப் போன்ற பொதுநிலையினரே செபம் சொல்லி, ஆலயத்தைக் காத்தனர். படகு கட்டத் தெரிந்த தச்சர்கள் மரத்தாலேயே கோவில்களை எழுப்பினர். முனிவரின் காலத்தை ஒட்டி எழுந்த அச்சாவோ ஆலயத்தை, இரும்பாணிகளின்றி மர முளைகளைக் கொண்டே இணைத்தனர். 1767இல் சேசு சபையார் வெளியேற்றப்பட்ட பின்னும், பிரான்சிஸ்கன் குருக்களின் வழிகாட்டுதலில் மக்கள் ஊர்கூடி உழைத்து அவற்றைப் பேணினர். அத்தீவுகளின் 16 மரக்கோவில்கள் 2000ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின.

காப்பார் இல்லையேல் என்னவாகும்? அதற்கும் நம் பகுதியே சான்று. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம் கோவிலும் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. ஆனால் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, அக்கோவிலின் திருச்சுற்று மதிற்கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. விமானம் இன்றும் வானளாவி நிற்கிறது; மதிலின் பெரும்பகுதியோ மறைந்துவிட்டது.

ஆகவே பங்கு மக்களே, இது நமக்கும் ஒரு படிப்பினை. புதிய ஆலயங்கள் எழுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் யூபிலியை முன்னிட்டுப் பழைய ஆலயத்தையோ குருசடியையோ இடிக்க எண்ணும்போது, பழுது பார்த்துக் காக்க இயலுமா என்று முதலில் ஆராய்வோம். பழைய பீடம், மணி, சுரூபம், கல்லறைக் கல், கல்வெட்டு எதையும் எறிந்துவிடாதிருப்போம். ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கரையானுக்கும் மழைநீருக்கும் விடாது பாதுகாப்போம். முதியோர் நாவில் மட்டும் வாழும் செய்திகளை, அவர்கள் நம்மோடிருக்கும்போதே எழுதி வைப்போம். கல் சுமந்தவரும் மண் மிதித்தவரும் எந்தக் கல்வெட்டிலும் இடம் பெறவில்லை. அவர்கள் பெயரை நாமன்றி வேறு யார் குறித்து வைப்பார்?

கட்டியவர்கள் தம் கடமையை முடித்துச் சென்றனர். காப்பது நம் கடமை. அடைக்கல அன்னை அதற்கான ஆர்வத்தையும் ஒற்றுமையையும் நமக்குப் பெற்றுத் தருவாராக!