கடலோரத்து நீர்ச்சாலை

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் கரையில், 2008ஆம் ஆண்டு முதல் ஜூன் திங்களில் ஒரு படகுப் பயணம் நடைபெற்று வருகிறது. சிறு பாய்மரப் படகுகளில் ஓரிருவராக ஏறிச் சென்று, ஏறத்தாழ 200 மைல் தொலைவைப் பல நாட்களில் கடக்கின்றனர். இரவில் கரையில் தங்கி, விடிந்ததும் மீண்டும் பாய் விரிக்கின்றனர். இது பந்தயம் அன்று. பெருங்கடலின் அலைகளை எதிர்த்துச் செல்வதும் அன்று. கடலுக்கும் நிலத்துக்கும் இடையே, நீண்ட மணல் தீவுகளின் மறைவில் அமைந்த கழிநீரே பெரும்பாலும் அவர்கள் செல்லும் வழி.

அங்கு உல்லாசத்துக்காக மேற்கொள்ளப்படும் இத்தகைய பயணம், திருவனந்தபுரத்தில் ஒரு காலத்தில் அன்றாட வாழ்வின் தேவையாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மாட்டுவண்டியில் வந்த தமிழர், அங்கிருந்து கொல்லத்துக்கோ ஆலப்புழைக்கோ கொச்சிக்கோ செல்ல விரும்பினால், வண்டியை விட்டு வள்ளத்தில் ஏறினர். பிழைப்பைத் தேடி வெளியூர் சென்ற நம்மவர் பலருக்கு அந்நீர்வழியே நெடுஞ்சாலையாக அமைந்தது. அச்சாலை எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு மறைந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது பயன் தரும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அத்திங்கள்களில் சிறு படகுகள் கடலில் செல்வது உயிருக்கே கேடாகும். ஆனால் இயற்கை அங்கே ஒரு மாற்று வழியையும் அமைத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் கடலை அடையுமுன், மணல் திட்டுகளால் தடுக்கப்பட்டுக் காயல்களாகப் பரந்து கிடக்கின்றன. திருவனந்தபுரத்துக்கு வடக்கே வேளி, கடினங்குளம், அஞ்சுதெங்கு, இடவா, பரவூர், அஷ்டமுடி, காயங்குளம், வேம்பநாடு என்று அவை வரிசையாக உள்ளன. கடல் இரைந்துகொண்டிருக்கும்போதும், ஒரு மணல்மேட்டுக்கு இப்பால் வள்ளம் அமைதியாகச் செல்ல இயலும்.

எனினும் இக்காயல்கள் தொடர்ந்து ஒரே நீராக இருக்கவில்லை. இடையிடையே நிலம் குறுக்கிட்டது. அந்த இடைவெளிகளை இணைத்தது மனித முயற்சியே.

முதற்பெரு முயற்சி தலைநகரின் வாயிலில் நிகழ்ந்தது. 1815 முதல் 1829 வரை திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த கௌரி பார்வதி பாயின் காலத்தில், நகரின் மேற்குப் பகுதியிலிருந்து வேளி, கடினங்குளம் காயல்களை நோக்கி ஒரு கால்வாய் வெட்டப்பட்டது. அரசியின் பெயரால் அது பார்வதி புத்தனாறு என்று வழங்குகிறது. புதிய ஆறு என்னும் பொருளுடைய அப்பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. படகேறும் துறைக்கு வள்ளக்கடவு என்று பெயர். இச்சொல்லும் நமக்குப் புதிதன்று. மொழிகள் இரண்டாயினும், நீரைப் பற்றிய சொற்கள் இரண்டுக்கும் பொதுவாய் நிற்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன.

இரண்டாவது தடை மிகப் பெரியது. அஞ்சுதெங்குக் காயலுக்கும் இடவாக் காயலுக்கும் நடுவே வர்க்கலைக் குன்று கடல்வரை நீண்டு நின்றது. பயணிகள் அங்கே இறங்கி, சுமைகளை மேட்டின்மீது ஏற்றி, மறுபுறம் வேறொரு வள்ளத்தில் அமர வேண்டியிருந்தது. நோயாளியும் முதியவரும் பட்ட இன்னலை நாம் எண்ணிப் பார்க்கலாம். சரக்குகளை இறக்கி ஏற்றிய கூலி வேறு.

குன்றைக் குடைந்து நீரை விடுவதென்று முடிவாயிற்று. ஆயில்யம் திருநாள் மன்னரின் ஆட்சியில், 1867இல் வேலை தொடங்கியது. அப்போது திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். முதற் சுரங்கம் 1877இல் திறக்கப்பட்டது. அதற்குள் மாதவராவ் விலகி, தஞ்சைச் சீமையைச் சேர்ந்த சேஷையா சாஸ்திரி திவானாகியிருந்தார். பின்னர்ப் புதுக்கோட்டையின் திவானாகவும் புகழ் பெற்றவர் அவரே. அவரையடுத்து வந்த நாணுப் பிள்ளை நெய்யூர்ப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் வேலை தொடர்ந்து, 1880இல் இரண்டாவது சுரங்கமும் நிறைவுற்றது. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் அமைந்த ஊர்களிலிருந்து சென்ற மூவர், அடுத்தடுத்து அப்பணியைப் பேணினர் என்பது நாம் மறக்கலாகாத செய்தி.

இரு சுரங்கங்களும் சேர்ந்து சற்றொப்ப ஒரு கிலோமீட்டர் நீளம் உடையவை. அவ்வூரார் அவற்றைத் துரப்பு என்கின்றனர். துரப்பணம் என்னும் தச்சர் கருவியை அறிந்தோர்க்கு இச்சொல் உடனே விளங்கும். செம்பாறையும் களிமண்ணும் மணற்கல்லும் அடுக்கடுக்காக அமைந்த அக்குன்றில் ஊற்றுகளும் மிகுதி. அத்தகைய மண்ணை, இக்கால இயந்திரங்களின் துணையின்றிக் குடைவது எளிய செயலன்று. பதின்மூன்று ஆண்டுகள் ஆனதில் வியப்பில்லை. திவான்களின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்தன. மண் சுமந்த தொழிலாளர்களுக்கோ அத்துரப்பே கல்வெட்டாக நிற்கிறது.

இந்நீர்வழியில் சென்ற கெட்டுவள்ளத்தின் அமைப்பும் வியக்கத்தக்கது. அயினிப் பலகைகளை இரும்பாணியின்றித் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்து இணைப்பர். மேலே மூங்கிலும் ஓலையும் கொண்டு வளைந்த கூரை அமைப்பர். ஆழமற்ற இடத்தில் நீண்ட கழியை ஊன்றித் தள்ளுவர். ஆழமான இடத்தில் துடுப்பு வலிப்பர். பரந்த காயலில் காற்று இசைந்தால் பாய் விரிப்பர். வெயிலைத் தவிர்க்க இரவுப் பயணத்தையே பலர் விரும்பினர். கொச்சிவரை செல்வதாயின் நாட்கணக்கில் நீரிலேயே வாழ வேண்டும். கரையில் வள்ளத்தைக் கட்டிச் சோறு சமைப்பதும், தென்னையின் நிழலில் இளைப்பாறுவதும் அப்பயணத்தின் பகுதிகள்.

பெருங்கடல்கள் பலவற்றைக் கண்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் நாவலாசிரியருமான பியேர் லோட்டி, 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அங்கிருந்து காயல் வழியாகவே கொச்சிக்குச் சென்றார். 1903இல் வெளியான தம் இந்தியப் பயண நூலில் அச்செலவை அவர் விரித்து எழுதியுள்ளார். அரசியல் வரலாற்றிலும் இவ்வழிக்கு இடமுண்டு. வைக்கம் போராட்டத்தின்போது, 1925 மார்ச்சில் காந்தியடிகள் வைக்கத்தை அடைந்தது வேம்பநாட்டு நீரின் வழியே படகில்தான்.

ஆனால் அமைதியான நீர் எப்போதும் அபாயமற்றது என்று கொள்ளுதல் கூடாது. மலையாளப் பெருங்கவிஞர் குமாரன் ஆசான், 1873இல் அஞ்சுதெங்கை அடுத்த காயிக்கரையில், இந்நீர்வழியின் ஓரத்திலேயே பிறந்தவர். 1924 ஜனவரி 16ஆம் நாள், கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற இயந்திரப் படகு பல்லனையில் கவிழ்ந்தபோது, உடன் சென்றோர் பலருடன் அவரும் உயிரிழந்தார். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்த படகு அது. அலையற்ற நீரிலும் மனிதரின் கவனக்குறைவு ஒரு புயலாகிவிடும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

காலம் மாறியது. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்தது. 1918இல் அது திருவனந்தபுரத்தை எட்டியது. 1958இல் கோட்டயம் வழியாக எர்ணாகுளமும் கொல்லமும் இணைந்தன. சாலைகளும் பெருகின. நாட்கணக்கில் சென்ற பயணம் மணிக்கணக்கில் முடிந்தது. இது நன்மையே. ஆயினும், பயணிகள் விலகியதும் நீர்வழியைப் பேணும் அக்கறையும் விலகியது. துரப்புகளில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பார்வதி புத்தனாறு தூர்ந்து, நகரின் கழிவுநீரைச் சுமக்கலாயிற்று.

தெற்கே நடந்தது இன்னும் எண்ணத்தக்கது. திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு நீரால் இணைக்கும் நோக்கத்தோடு, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சி முடிவுற்ற 1860ஆம் ஆண்டில் ஒரு கால்வாய் தொடங்கப்பட்டது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்று அதற்குப் பெயரிட்டனர். இறைவன், பேரரசி, மன்னர் ஆகிய மூவரின் பெயரைத் தாங்கியும் அது குமரியை அடையவில்லை. பூவாறு முதல் மண்டைக்காடு வரையிலான பகுதியளவிலேயே நின்றுவிட்டது. 1956 நவம்பர் முதல் நாள் அதன் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்குள் வந்தது. இன்று அது பல இடங்களில் தூர்ந்து, கால்வாய் இருந்ததற்கான தடயமாகவே எஞ்சியுள்ளது.

1993இல் கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையிலான 168 கிலோமீட்டர் நீர்வழி, தேசிய நீர்வழி என்று அறிவிக்கப்பட்டது. தெற்கே கோவளம் வரையும் வடக்கே பேக்கல் வரையும் நீர்வழியைச் சீராக்கும் திட்டத்தைக் கேரள அரசு மேற்கொண்டுள்ளது. அத்திட்டத்தின் கடினமான பகுதிகளுள் ஒன்று பழைய வர்க்கலைக் குன்றே என்பது கருதத்தக்கது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மண்வெட்டியும் கூடையும் வென்ற இடத்தை, மீண்டும் வெல்ல வேண்டியிருக்கிறது.

காயலைத் தந்தது இயற்கை. அதைச் சாலையாக்கியது உழைப்பு. சாலையாக நிலைக்கச் செய்ய வல்லது இடையறாத பேணுதல் ஒன்றே. வெட்டிய ஆண்டைக் கல்லில் பொறிக்கிறோம். தூர் வாரிய ஆண்டுகளை எவரும் பொறிப்பதில்லை. ஆனால் அந்த ஆண்டுகள்தாம் கால்வாயை வாழ வைத்தன. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்திறங்கும் தமிழர், நகருக்குள் செல்லும் வழியில் சாக்கைப் பக்கத்தில் ஒரு குறுகிய நீரோட்டத்தைக் காணலாம். அதுவே புத்தனாறு. தூரதேசம் சென்று வாழத் துணிந்த நம் முன்னோர் பலரின் முதல் வழி அந்நீரில்தான் தொடங்கியது.