சம்பளமும் கடனும்

திருவனந்தபுரத்தில் கால்பந்தாட்டம் நெடுங்காலம் உத்தியோகத்தின் நிழலிலேயே தழைத்தது. டைட்டானியம் ஆலை, திருவாங்கூர் ஸ்டேட் வங்கி, கேரளப் போலீஸ் முதலிய ஸ்தாபனங்கள் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் அளித்தமையால், கோல் விழாத மாதத்திலும் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. 1990, 1991 ஆகிய இரு வருஷங்களிலும் போலீஸ் அணி பெடரேஷன் கோப்பையை வென்றதற்கு இந்த நிச்சயமே ஆதாரம் என்பது என் துணிபு.

தனியார் மூலதனத்தை நம்பி 1997-இல் தோன்றிய எப்.சி. கொச்சினோ, அவ்வருஷமே மோகன் பகானை வீழ்த்தி, டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொணர்ந்த முதல் கழகம் என்னும் கீர்த்தியை எய்தியும், சில வருஷங்களுக்குள் சம்பள பாக்கியில் மூழ்கி மறைந்தது. உழைத்தவன் கூலி நிலுவையில் நின்றது பெரும் அநீதி.

மேல்நாட்டில் தனவந்தரின் கடனைக் கழகமே சுமந்தது: 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கைப்பற்றிய கிளேசர் குடும்பத்தார், அதற்காகப் பெற்ற கடனில் பெரும்பகுதியை அதன்மீதே ஏற்றியதால், ரசிகர் தந்த சீட்டுப் பணம் வட்டிக்குப் போயிற்று, 2012-இல் பங்குச் சந்தைக்கு வந்த தாய்க் கம்பெனியோ வருமான வரியற்ற கேமன் தீவுகளில் பதிவாயிற்று.

இங்கோ, ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் தந்த திருவாங்கூர் ஸ்டேட் வங்கியும் 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியில் கலந்துவிட்டது.