பவானிசாகரும் யானைப் பாதையும்

"நெட்டுக்குப்பத்துல பிறந்தவருக்கு யானையைப் பத்தி என்னப்பா தெரியும்?" என்று என் மகளே கேட்டுவிட்டாள். கேள்வி நியாயம்தான். எங்கள் ஊரில் காடும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் முகத்துவாரம் உண்டு. கொசஸ்தலையாறு கடலைத் தொடும் அந்த வாயில் மணல் அடைத்துக்கொண்டால், கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே ஏறாது. உள்ளே கழி எவ்வளவு அகலமாக இருந்தாலும் வலையில் ஒன்றும் விழாது. மொத்த ஆற்றில் அந்த வாய் ஒரு சின்னத் துண்டு. பிழைப்பு அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

போன கோடையில் கோபிசெட்டிபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பவானிசாகர் அணைக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. தூரத்துக் கரையில், தண்ணீர் விட்டுப்போன இடத்தில் முளைத்த புல்லை ஏழெட்டு யானைகள் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு குட்டி. இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்ற கேள்வியோடு ஊர் திரும்பினேன். அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த மறு வருடமே, 1948-இல், இந்த அணையின் வேலை தொடங்கியது. முடிந்தது 1955-இல். சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்ணால் கட்டிய அணை. கொள்ளளவு ஏறக்குறைய 33 டி.எம்.சி. இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் அதன் பாசனம். முதுமலைப் பக்கமிருந்து வரும் மாயாறு பவானியோடு சேரும் இடம்தான் நீர்த்தேக்கம் ஆனது. டணாய்க்கன் கோட்டையும் அங்கிருந்த பழைய கோயிலும் நீருக்குள் போயின. நீர் மிகவும் வற்றும் காலத்தில் கோயில் வெளியே தெரியும் என்கிறார்கள். ஊர்க்காரர்களை வேறு இடங்களில் குடியேற்றினார்கள். யானைக்கு யாரும் மாற்று இடம் எழுதித் தரவில்லை. அது நீரைச் சுற்றிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டது.

இந்தச் சுற்றுப் பாதை ஏன் முக்கியம்? இதற்கு உலகம் அறிந்த ஒரு பாடம் உண்டு. பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றைத் தேக்கியபோது ஒரு காட்டுக் குன்று தண்ணீர் நடுவே தீவாகிவிட்டது. அதன் பெயர் பாரோ கொலராடோ. 1923 முதல் அது ஆராய்ச்சிக்கென்று பாதுகாக்கப்பட்ட காடு. அப்படிக் காத்தும் அங்கிருந்த பறவை இனங்கள் பல காலப்போக்கில் அற்றுப்போயின. காட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது, பக்கத்துக் காட்டோடு அதற்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீவு சொன்ன செய்தி.

சத்தியமங்கலம் காடு, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடம். மேற்கே முதுமலை, பந்திப்பூர். வடக்கே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. முதுமலை 1940-லேயே சரணாலயம் ஆகிவிட்டது. சத்தியமங்கலத்துக்கு அந்தப் பெயர் கிடைக்க 2008 வரை ஆனது. நடுவில் இந்தக் காட்டின் பெயரைச் சொன்னாலே வீரப்பன் நினைவுக்கு வந்த காலம். 2004-இல் அவன் கொல்லப்பட்ட பிறகுதான் காட்டைக் காடாகப் பார்க்க ஆரம்பித்தோம். 2011-இல் எல்லையை விரித்தார்கள். 2013-இல் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் புலிகள் காப்பகம் ஆயிற்று. புலிகளின் எண்ணிக்கையை இரு மடங்குக்கு மேல் பெருக்கியதற்காக 2022-இல் உலக அளவிலான விருதும் வந்தது.

அதே 2022-இல் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. 2024 தொடக்கத்தில் ஈரோடு வனக்கோட்டத்தில் 805 சதுர கிலோமீட்டரில் தந்தை பெரியார் சரணாலயம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். காவிரிக் கரைக் காட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே கிழிந்திருந்த துணியில் தையல் போட்டதுபோல் இருக்கும்.

ஆனால் அந்தத் தையல் விழும் இடத்தில் மனிதர்கள் வாழ்கிறார்கள். பர்கூர் மலையில் சோளகர்களும் லிங்காயத்துகளும் இருக்கிறார்கள். காட்டில் பட்டி போட்டு மேய்க்கும் பர்கூர் மாடு அவர்கள் சொத்து. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதனால் தந்தை பெரியார் சரணாலயம் என்ற பேச்சு வந்ததுமே அவர்கள் பயந்தார்கள், எதிர்த்தார்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்த உரிமை என்னவாகும் என்பது அவர்கள் கேள்வி.

எனக்கு அந்தப் பயம் புரிகிறது. 1944-இல் பூண்டியில் கொசஸ்தலையாற்றைத் தேக்கியதால் சென்னைக்குக் குடிநீர் கிடைத்தது, நல்ல காரியம். ஆனால் ஆற்றின் கடைசியில் இருக்கும் எங்களிடம் யார் வந்து கேட்டார்கள்? பொதுநலம் என்று சொல்லி எடுக்கும் முடிவின் பாரம் எப்போதும் ஓரத்தில் இருப்பவன் தலையில்தான் விழுகிறது.

பாதையை அடைப்பது யார் என்று பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்றது. அங்கே எதிர்த்து வழக்காடியவர்களில் விடுதி உரிமையாளர்கள் முக்கியமானவர்கள். மின்வேலி போட்ட விடுதியும், தலைமுறை தலைமுறையாக யானைக்கு வழிவிட்டு மாடு மேய்த்தவனும் ஒன்றல்ல. இரண்டு பேருக்கும் ஒரே சட்டத்தைக் காட்டினால், யானைக்கு வேண்டியவர்களையே யானைக்கு எதிரியாக்கிவிடுவோம். மேய்ச்சலுக்கு எங்கே இடம், எத்தனை மாடு என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அது நேரம் பிடிக்கும் வேலைதான், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அணையை விட்டுக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். யானைகள் வரிசையாகத் தண்ணீரோரமாகவே நடந்து மாயாற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. குட்டி கடைசிக்கு முன்னால். மகள் மறுபடி கேட்டாள், "என்னப்பா தெரிஞ்சுது?"

"நம்ம முகத்துவாரம் மாதிரிதாம்மா" என்றேன்.